பழுத்த பலகை

படித்த படிப்பை மாமனாரிடம் காட்ட நினைத்தவன் எவனும் உருப்பட்டதில்லை. நானோ, இன்னும் மாமனாராகக்கூட ஆகாதவரிடம் காட்டினேன்.

ஃபைபர் கிளாஸ் என்கிற கண்ணாடி இழையை அடுக்கடுக்காகப் பிசின் தடவி ஒட்டிப் பலகை செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. சொந்த ஊர் மலைமேல் நெல்லிவாசல்நாடு. அதே மலையில் புதூர்நாட்டுச் செல்வியைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை, அவளுக்கும் ஆசைதான். அவள் அப்பா மட்டும் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் வீட்டுக்கு முன்னால் ஒரு சின்ன ஓடை. அதைத் தாண்ட உளுத்துப்போன ஒரு மரக்கட்டை கிடந்தது.

"நானே ஒரு பலகை செஞ்சு எடுத்தாறேங்க" என்றேன். (யாரும் கேட்கவில்லை.)

ஒவ்வொரு அடுக்கையும் உருளையால் அழுத்தி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு இருந்தது காதல்தான். எட்டு அடுக்கையும் மளமளவென்று ஒட்டி, பச்சை பெயின்ட் அடித்து, ஜீப் மேல் கட்டி மலையேற்றினேன்.

ஓடை மேல் போட்டதும் செல்வி விரல் முட்டியால் பலகையைத் தட்டிக்கொண்டே வந்தாள். டங், டங், டங்... பொத்.

"ஏங்க, இந்த எடம் பழுத்த மாதிரி கேக்குது."

"இது இன்னா பலாப்பழமா? மூணு ஆளு தாங்கும்!" (தட்டினால் 'பொத்' என்றால் பலா பழுத்துவிட்டது என்று தெரிந்தே வளர்ந்தவன் பேசுகிற பேச்சா இது?)

அவள் அப்பா தோளில் ஒரு முழுப் பலாவோடு ஏறினார். நடுவில் வந்ததும் சடசடவென்று சத்தம். ஒன்றாக ஒட்டியிருந்தால் யானையையே தாங்கியிருக்கும் அடுக்குகள், காற்று புகுந்த இடத்தில் பிரிந்து, தனித்தனி அப்பளமாக நொறுங்கின. அவரும் பலாவும் முழங்கால் சேற்றில்.

ஓடிப்போய்க் கை கொடுத்தேன். என் கல்யாணமும் அந்தச் சேற்றில்தான் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"செல்வி சொன்னதுதாங்க சரி. நான்தான் கேக்கல."

அவர் மீசைச் சேற்றை வழித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இனிமே அது சொன்னா கேப்பியா?"

"கேக்கறேங்க."

"அப்ப கட்டிக்கோ. பலகை மட்டும் செய்யாத."

தாலி கட்டக் குனிந்தபோது யாரோ என் முதுகில் தட்டினார்கள். மாமனார். குனிந்து காது வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கேக்குது. கட்டு" என்றார். பந்தலே சிரித்தது.

இப்போதும் செல்வி சொல்வதை நான் காதில் வாங்காவிட்டால், எங்கள் ஐந்து வயது மகள் பின்னால் வந்து என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவாள்.

"அம்மா, அப்பா பழுத்துட்டாரு!"