சுடலைக்குழாயர்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், அரசாங்க ஒப்பந்தங்களில் தோற்பதை இவரளவு ஒழுங்காகச் செய்துகாட்டியவர் வேறெவரும் இலர். சொந்தப் பெயர் டெண்டர் மனுவில் மட்டுமே இருந்தது. எங்கள் நீர்வழங்கல் கந்தோரில் எல்லோருக்கும் அவர் சுடலைக்குழாயர்.

நான் அப்போது குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கான டெண்டர்களைத் தெரிவுசெய்யும் கேள்விச் சபையின் தலைவர். டெண்டர் பெட்டி திறக்கும் நாளில் ஏனைய ஒப்பந்தகாரர்கள் வியர்த்திருக்க, இவர் கலியாண வீட்டுக்கு வந்தவர்போலப் பட்டு வேட்டியுடன் முன்வரிசையில் அமர்ந்திருப்பார். அவருடைய விலையே பெரும்பாலும் ஆகக் குறைந்தது. ஆயினும் கடைசிப் பக்கத்தில் எவரும் கேளாத வேலையொன்றைச் சேர்த்திருப்பார்: 'கதிரவெளிச் சுடலை வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய், இலவசம்.' வவுணதீவில் நீர்த்தாங்கி கட்டுவதாயினும், நகரில் கழிவுநீர்க் குழி அமைப்பதாயினும், அக்குழாய் வடக்கே கடலோரக் கதிரவெளியில்தான் போய் நிற்கும். விதிப்படி நானே அதை எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பேன். சபை சிரிக்கும். கேட்டதற்கு மாறான மனுவைத் தள்ளவேண்டும் என்பதும் விதி. தள்ளுவேன்.

"சேர், சும்மா தாறதையும் வேணாமெண்டு சொல்ற ஒரே ஆள் நீங்கதான்."

"அந்தப் பக்கத்தை விட்டுப்போட்டுத் தாருமன். வேலை உமக்குத்தான்."

"மறுகா குழாய ஆரு போடுற?"

"அதுக்குத் தனியா ஒரு விண்ணப்பம் எழுதும்."

"எழுதினன். விண்ணப்பத்த ஒருத்தரும் வாசிக்கிற இல்ல. டெண்டரெண்டா நீங்க சத்தமா வாசிச்சே ஆகணும்."

சபையின் எழுதுநர் குறுக்கிட்டார். "என்னண்ணன், சுடலையில ஆருக்குத் தண்ணி விடாய்?"

சுடலைக்குழாயர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "கடல் வந்து போன மறுநாள் மனிசிய அந்தச் சுடலையிலதான் தாட்டன், தம்பி. கால் கழுவ நல்ல தண்ணி இல்ல, கிணறெல்லாம் உப்பு. சேத்துக் காலோட வீட்ட போனன். போனா, வீடும் இல்ல."

எழுதுநர் தலைகுனிந்து பதிவேட்டைப் புரட்டினார். விதி மாறவில்லை. மனுவை அன்றும் தள்ளினேன்.

நான் ஓய்வுபெற்ற பின், சென்ற மாரியில் அவர் காலமானார். கதிரவெளியில் அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியவர்கள், சுடலை வாசலில் போத்தல் தண்ணீரைச் சிக்கனமாகக் கால்களில் ஊற்றிக்கொண்டார்கள். என் முறை வந்தபோது போத்தல் வெறுமை. சேற்றுக் காலுடனே மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தேன்.

மறுநாளே குழாய்க்கு விண்ணப்பித்தேன். முன்னாள் தலைவருக்கும் பதில் வரவில்லை. ஆகவே சென்ற வாரம் கந்தோருக்குப் போய், நடுக்கூடத்தில் நின்று, அவ்விண்ணப்பத்தை முதலிலிருந்து முடிவுவரை சத்தமாக வாசித்தேன்.

அங்கே இப்போது என்னைத்தான் சுடலைக்குழாயர் என்கிறார்களாம். திருத்துவதற்கு எனக்கு மனம் வரவில்லை.