இரண்டு வீட்டுக்கு ஒரே குழாய்

தலை நிறைய ஷாம்பூ நுரையோடு கிளிஃபர்ட் ஹெப்வொர்த் பாடிக்கொண்டிருந்தபோது, ஷவர் சோர்ந்துபோய்ப் பச்சைத் தண்ணீராகக் கொட்டியது.

"மேவிஸ், பாய்லர் மறுபடியும் அணைஞ்சிடுச்சு."

"நீ அலறினதுல தெருவுக்கே தெரிஞ்சிருக்கும்," என்றாள் மனைவி கீழேயிருந்து.

சர்ச் பாடகர் குழுவில் எத்தனையோ வருடம் பின்வரிசையில் நின்ற கிளிஃபர்டுக்கு, இந்த ஈஸ்டருக்குத்தான் முதன்முதலாகத் தனிப்பாட்டு கிடைத்திருந்தது. வெந்நீர் ஆவியில் நின்று பழகினால்தான் அவருக்குக் குரல் எழும்பும். சரிவராவிட்டால் பாட்டை நார்மனுக்குக் கொடுத்துவிடுவதாகக் குழுத்தலைவி சொல்லியிருந்தாள். நார்மன் பெயரைக் கேட்டாலே கிளிஃபர்டுக்கு வயிறு எரியும்.

பிளம்பர் டேரன் வந்து பாய்லரைத் திறந்து பார்த்தான்.

"பாய்லர் மேல தப்பில்ல. தண்ணி வேகமா வந்தாத்தான் இது பத்திக்கும், வேகம் குறைஞ்சா அணைஞ்சிடும். இந்தத் தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே குழாய்தான். பக்கத்து வீட்ல திறந்தா உங்களுக்குப் போச்சு. நீங்க குளிக்கறப்போ திறக்க வேணாம்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

கிளிஃபர்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்து வீட்டு டென்னிஸ், பெரில் தம்பதியிடம் அவர் இதுவரை மழையைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். அவர்களிடம் போய் உங்கள் வீட்டுக் குழாயைத் திறக்காதீர்கள் என்பதா? அதைவிட வீட்டை விற்றுவிட்டுப் போவது சுலபம்.

மறுநாள் விடியற்காலையில் எழுந்து குளித்தார். பாட்டின் இரண்டாவது வரியிலேயே பச்சைத் தண்ணீர். சரி என்று மதியத்துக்கு மாற்றினார். முதல் வரியே முடியவில்லை. ஆத்திரத்தில் குரலை இன்னும் உயர்த்தினார். ஷவர் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது.

"இவங்க எப்பத்தான் பாத்திரம் கழுவாம இருப்பாங்க?" என்றார், துண்டுக்குள் நடுங்கியபடி.

"நீ குளிக்காதப்போ," என்றாள் மேவிஸ்.

அடுத்த ஒத்திகையில் அவர் தொண்டையிலிருந்து தவளைச் சத்தம்தான் வந்தது. குழுத்தலைவி நார்மனைத் திரும்பிப் பார்த்தாள். நார்மன் அடக்கமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

அதற்குமேல் கிளிஃபர்டால் தாங்க முடியவில்லை. மேவிஸ் சுட்ட எலுமிச்சைக் கேக்கோடு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். தேநீர் வந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள். கேக் நன்றாயிருக்கிறது என்றார்கள். மறுபடியும் மழைக்கு வந்தார்கள். தேநீர் ஆறி அவலாகிவிட்டது.

"தப்பா நினைக்கக் கூடாது, டென்னிஸ். கட்டாயமெல்லாம் இல்ல, முடிஞ்சாப் போதும். நம்ம ரெண்டு வீட்டுக்கும் ஒரே குழாயாம். நான் குளிக்கறப்போ நீங்க திறந்தா, எங்க பாய்லர் அணைஞ்சிடுதாம். அதனால, அந்த நேரத்துல மட்டும்..."

டென்னிஸுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "அடடா, அதனாலதானா? எங்களுக்குக் காரணமே தெரியாமப் போச்சு. மன்னிச்சுக்குங்க, கிளிஃபர்ட்."

"ஐயோ, நான்தான் மன்னிப்புக் கேக்கணும்."

"இல்ல இல்ல, நாங்கதான். இனிமே திறக்கவே மாட்டோம்."

கிளிஃபர்டுக்கு உயிர் வந்தது. பெரில் மட்டும் கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"குழாயைத் திறந்தாப் பாட்டு நின்னுடுதுன்னு கண்டுபிடிச்சு இப்பத்தான் நிம்மதியா இருக்கோம், டென்னிஸ். இனிமே முழுசாக் கேக்கணுமா?"