ஏறுமுகமான கிணறு

பாகலூர் சந்தையில் நிற்க வைத்துக் கற்பூரம் அணைக்கச் சொன்னாலும் அணைப்பேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் என் பல்லெல்லாம் கொட்டட்டும். மிச்சம் இருப்பது இரண்டுதான், அது வேறு விஷயம்.

தொண்ணூற்று மூன்றில் எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். அதிகாரி சென்னப்பன் பெங்களூர் போய், புள்ளிவிவரத்தைப் படமாக்கும் வித்தையைக் கற்றுத் திரும்பினார். கட்டளையில் ஓர் எழுத்துப் பிசகினால் மிஷின் முறைக்கும். சரியாக அடித்தால் கோடு போடும். எதைப் பற்றிய கோடு என்று மட்டும் கேட்காது. அவரும் கேட்கவில்லை.

முதல் படம் குடிநீர்க் கிணறு. கோடைக்குக் கோடை தண்ணீர் தரையிலிருந்து எத்தனை அடி கீழே கிடக்கிறது என்ற கணக்கை ஏற்றினார். முப்பது, ஐம்பது, எண்பது. கோடு ஜம்மென்று மேலே ஏறியது. உடனே ஆணை பிறந்தது: "மேற்படி கிணற்றின் நீர்வளம் ஏறுமுகத்தில் உள்ளமையால், தண்ணீர் லாரி இதன்மூலம் நிறுத்தப்படுகிறது."

அந்த லாரியை விட்டால் கெம்பம்மாவின் தெருவுக்கு வேறு கதியில்லை. அவள் காலிக் குடத்தோடு அலுவலகத்தில் வந்து நின்றாள்.

"லாரி ஏன் சார் வரல?"

"படத்தப் பாரும்மா. கோடு எங்க போகுது?"

"மேல போகுது."

"அப்புறம் என்ன?"

"தண்ணி கீழ போகுதே சார். கயித்துக்கு முடிச்சுப் போட்டுப் போட்டு எறக்குறோம்."

"கயிறெல்லாம் கம்ப்யூட்டர்ல இல்லம்மா."

"அப்ப கம்ப்யூட்டரையே கயித்துல கட்டி எறக்குங்க. நனைஞ்சு வந்தா நான் பேசல."

மேலிடம் படத்தை மெச்சியது. "உங்கள் கோடு மட்டும் ஏன் படுத்துக் கிடக்கிறது?" என்று மற்ற ஊர்களுக்கு மெமோ பறந்தது. அவர்களும் வித்தை கற்றார்கள். மறு கோடையில் சென்னப்பன் கோடு தாளைத் தாண்டி ஓடியது. மேலிடம் நடுங்கிப்போய், வெள்ள அபாயம் என்று ஒகேனக்கல்லிலிருந்து பரிசல் ஒன்றை அனுப்பியது. நிறுத்தி வைத்த அதே தண்ணீர் லாரியின் முதுகில் கட்டித்தான் வந்தது. கெம்பம்மா குடத்தோடு ஓடினாள். டாங்கியில் சொட்டு இல்லை.

வெடித்துக் கிடந்த ஏரியில் பரிசலை இறக்கினார்கள். ஊர் மாலை போட்டது. பரிசல் கமிட்டிக்குத் தலைவர் யார் என்று இரண்டு மண்டை உடைந்தது. தண்ணீர் கேட்டவர்களைப் "பரிசலுக்கு ஆகாதவர்கள்" என்று தள்ளி வைத்தார்கள். கெம்பம்மா மறுபடி அலுவலகம் போனாள், இந்த முறை மனுவோடு: பெண்களுக்குத் தனிப் பரிசல் வேண்டும்.

யார் சொன்னது என்று எவர் கேட்டாலும் என் பெயரை இழுக்காதீர்கள். கமிட்டி தேடிக்கொண்டிருக்கும் பரிசல் துடுப்பு என் வீட்டுப் பரண்மேல்தான் இருக்கிறது.