இடப்பக்கப் பொத்தான்

காலை ஒன்பதரைக்கு ஜவாஹிரின் மின்னஞ்சலிலிருந்து இருநூறு பேருக்கு ஒரே கடிதம் போனது: உங்களுக்குப் பரிசாக மோட்டார் சைக்கிள் விழுந்திருக்கிறது, பெற்றுக்கொள்ள இங்கே அழுத்தவும். ஜவாஹிர் அப்படி எதையும் எழுதவில்லை.

உட்துறைமுக வீதியில் இருந்த அந்தச் சின்னக் கப்பல் முகவர் கந்தோருக்கு அவர்தான் மனேஜர். ஏழரைக்கே வந்து கதவு திறந்து, கணினிகளைப் போட்டு, தேத்தண்ணி வைப்பது குணேஸ்வரி. கடிதம் எழுதுவதோடு கணினிப் பொறுப்பும் வினோதனுக்கு. இந்த இரண்டு பேரோடும் கோபப்படுவதுதான் ஜவாஹிரின் மிச்ச வேலை.

கொழும்பிலிருந்து முதலாளி தொலைபேசி எடுத்தார். அவருக்கும் மோட்டார் சைக்கிள் விழுந்திருந்தது. பன்னிரண்டு மணிக்குள் இதற்குக் காரணமான ஆளின் பெயர் வேண்டும், அந்த ஆள் நாளைக்கு வேலைக்கு வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஜவாஹிருக்குப் பெயர் தேடவேண்டியிருக்கவில்லை.

"கிரிக்கெட் பாக்கக் கண்ட கண்ட பக்கத்தத் திறந்திருப்பாய்," என்று வினோதன் மேல் பாய்ந்தார்.

"நான் திறக்கேல்லை சேர். பழுதாப் போனது உங்கட கொம்பியூட்டர்."

உண்மையைச் சொன்னதும் கோபம் இரட்டித்தது. போன மாதம்தான் வினோதனுக்கு மகள் பிறந்திருந்தாள். அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

குணேஸ்வரி வந்து, "சேர், அந்தப் பெட்டி..." என்று தொடங்கினார்.

"தேத்தண்ணிய வெச்சிட்டுப் போங்க."

கோபம் வந்தால் காது அடைத்துப்போகும் மனிதர்களை மனேஜர் கதிரையில் இருத்துவது யாரோ, எனக்கு விளங்கவில்லை.

அப்போது ஜவாஹிரின் திரையில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவித்தல் வந்தது. உங்கள் கணினிக்கு ஆபத்து, சுத்தம் செய்ய இங்கே அழுத்தவும். அழுத்தவேண்டாம் என்றான் வினோதன். அவன் வேண்டாம் என்றதற்காகவே அழுத்தினார். அதே இருநூறு பேருக்கு இப்போது கார் விழுந்தது. கிண்ணியாவிலிருந்து அவருடைய சம்பந்தி ஸுஹைர் எடுத்து, காரை எப்போது எடுக்க வரலாம் என்று கேட்டார்.

கடவுச்சொல்லை மாற்றினார். அதையும் அதே கணினியிலேயே மாற்றினார். உள்ளே இருந்த கள்ளன் அதைப் பார்த்து, தன் பங்குக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டான். இப்போது கள்ளன் உள்ளே, மனேஜர் வெளியே.

வினோதனைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டு அவனுடைய கணினியில் உட்கார்ந்தார். இந்தக் கடிதத்தில் என்னதான் இருக்கிறது என்று திறந்து அழுத்திப் பார்த்தார். அந்தக் கணினியும் போயிற்று.

பதினொரு மணிக்குக் கணினி திருத்தும் பிரியதர்சினி வந்தாள். முதலில் இரண்டு கணினிகளின் இணைப்பையும் கழற்றினாள். காலையில் ஜவாஹிர் திறந்த பக்கங்களின் பட்டியலில் கடல் காலநிலைப் பக்கத்தைக் காட்டினாள்.

"நல்ல பக்கம்தான். அதுக்குள்ள கள்ளர் தங்கட சாமானை ஒளிச்சு வச்சிருக்கினம். உங்கட பிரவுசரில ஓட்டை. பக்கத்தைத் திறந்தாலே காணும், ஒண்டையும் அமத்தத் தேவையில்லை."

ஜவாஹிர் கொஞ்சம் தணிந்தார். ஓட்டையை ஏன் அடைக்கவில்லை என்று கேட்டார்.

அதை அடைக்கும் புதுப்பிப்பு வந்து பதினொரு மாதம் என்றாள் அவள். கணினியைப் போட்டதும் எப்போது புதுப்பிப்பது என்று கேட்டுத் திரையில் ஒரு பெட்டி வரும். வலப்பக்கப் பொத்தான் 'இப்போதே', இடப்பக்கப் பொத்தான் 'பிறகு'. ஆரோ நாள் தவறாமல் 'பிறகு' அமத்தியிருக்கிறார்கள்.

"பொறுப்பு ஆருக்கு? இவனுக்குத்தானே!" ஜவாஹிருக்குக் கோபம் திரும்பி வந்துவிட்டது.

பன்னிரண்டுக்கு முதலாளி எடுத்தார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஜவாஹிர் தொலைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டார். ஓட்டை, பெட்டி, பொத்தான் எல்லாவற்றையும் விளக்கினார். இப்படியான ஆளை ஒரு நாள்கூட வைத்திருக்க ஏலாது என்றார்.

"சரி, பெயரைச் சொல்லும்," என்றார் முதலாளி.

அந்த நேரம் பிரியதர்சினி சுத்தம் செய்து முடித்து மறுபடி போட்ட கணினியில் அந்தப் பெட்டி வந்தது. கோப்பை பொறுக்க வந்த குணேஸ்வரி அதைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் மவுஸைப் பிடித்தார்.

"சேர், போன வருஷம் நீங்கள் காட்டித்தந்த இடப்பக்கப் பொத்தானைத்தானே இண்டைக்கும் அமத்திறது?"