எதிர்த்தரப்பின் நான்கு பக்கங்கள்

வகுப்பு முடிந்து மற்றவர்கள் பேருந்துக்கு ஓடிய பிறகும் சுகன்யா மட்டும் போகாமல் நிற்பதை ஆசிரியை மெஹராஜ் கண்டார்.

"மிஸ், டிசி விஷயமா எங்கப்பாகிட்ட..."

"டிசியா?" மெஹராஜ் சாக்பீஸைக் கீழே வைத்தார். "மாப்பிள்ளை பாத்துட்டாங்களா?"

"அது இல்ல மிஸ். எங்கப்பா ஒரு முடிவெடுத்தா மாற மாட்டாரு. நேருல பேசவும் பயமா இருக்கு. நான் என்ன நெனைக்கிறேன்னா..."

"நீ ஒண்ணும் நெனைக்க வேணாம். நான் இருக்கேன்ல."

இவ்வாறு கூறியபடியே அவர் கரும்பலகையை அழித்தார். 'எதிரே இருப்பவர் என்ன சொல்ல வருகிறார் என்பதை முதலில் முழுமையாகக் கேட்க வேண்டும்' என்பது அதில் எழுதப்பட்டிருந்த அன்றைய பாடம்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையிலுள்ள அத்தனியார் கல்லூரியில் மெஹராஜ் தற்காலிக விரிவுரையாளர். வாதக் கட்டுரை எழுதுதல் என்னும் விருப்பப் பாடத்தை அவர் நடத்தி வந்தார். ஒரு கருத்தைச் சான்றுகளால் நிறுவி, மறுப்பவரையும் இணங்க வைப்பது எப்படி என்று கற்பிக்கும் பாடம் அது. இருபது மாணவர்களுக்குக் குறைந்தால் விருப்பப் பாடம் நிறுத்தப்படும் என்பது நிர்வாகத்தின் விதி. வகுப்பில் மிகச் சரியாக இருபது பேர் இருந்தனர்.

கணவர் இஷாக் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப் மூடப்பட்டு ஓராண்டாகிறது. ஆகவே மெஹராஜின் வீட்டில் அடுப்பு எரிவது அந்த இருபதாவது மாணவியைப் பொறுத்ததாக இருந்தது. இதை அவர் சுகன்யாவிடம் சொல்லவில்லை. பெண்கல்வியைப் பற்றி மட்டுமே சொன்னார்.

"பேச பயமா இருந்தா எழுதிக் குடும்மா. நம்ம பாடமே அதுதானே?"

"எழுதுனா எங்கப்பா மாறுவாரா மிஸ்?"

"சரியா எழுதுனா எவ்வளவு பிடிவாதக்காரரும் மாறுவாரு."

சுகன்யா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

முதல் கட்டுரையோ முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற தலைப்புகளோடும் அடிக்கோடுகளோடும் வந்தது. பெண்கள் நாட்டின் கண்கள் என்று தொடங்கி, ஆகவே பெண்களைப் படிக்க வைப்போமாக என்று முடிந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா மாணவர்களும் எதைப் பற்றியும் எழுதும் கட்டுரை அது. அவகாசம் இல்லாததால் மெஹராஜ் அதையே கொடுத்தனுப்பினார்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"ரொம்ப நல்லா இருக்குன்னாரு மிஸ். ஆனா முடிவ மாத்திக்கல."

"சான்று பத்தல. புள்ளிவிவரம் சேரு."

இரண்டாவது கட்டுரையில், பட்டம் பெற்ற பெண்களில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் முன்னேறியதாக ஒரு கணக்கு இருந்தது. அது எங்கே கிடைத்தது என்று மெஹராஜ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வரியை அடித்து நீக்க நேர்ந்திருக்கும்.

"இந்தத் தடவை?"

"மீதி இருபத்தெட்டுப் பேரு என்ன ஆனாங்கன்னு வீட்டுல கேள்வி வந்துச்சு மிஸ்."

"அடேங்கப்பா!"

"நம்ம பிள்ள அந்த இருபத்தெட்டுல இல்லன்னு என்ன நிச்சயம்னும் வந்துச்சு."

சுகன்யாவின் தந்தையான நல்லுசாமி என்ற விவசாயியின் மீது மெஹராஜுக்கு அச்சம் கலந்த மரியாதை உண்டாயிற்று. செம்பட்டிக்கு அருகில் சம்பங்கி பயிரிடுபவர், ஒரே கேள்வியில் பாடப்புத்தகத்தின் மூன்றாம் அலகைக் கவிழ்த்துவிட்டாரே! நிர்வாகம் மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் மாத முடிவுக்குப் பத்து நாட்களே எஞ்சியிருந்தன. கடைசி அஸ்திரத்தை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"நல்லாக் கேட்டுக்கோ சுகன்யா. முதல்ல எதிர்த்தரப்ப எழுது. டிசி வாங்குறதுதான் சரின்னு நினைக்கிறவங்க மனசுக்குள்ள போயி, நேர்மையா, பலமா எழுது. அப்பதான் படிக்கிறவங்க உன்ன நம்புவாங்க. மறுப்ப அப்புறம் வச்சுக்கலாம்."

சுகன்யா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "எத்தன பக்கம் எழுதலாம் மிஸ்?"

"எவ்வளவு வேணும்னாலும். உன் சொந்தக் கருத்து மாதிரியே எழுதணும்."

மறுநாளே கட்டுரை வந்தது. நான்கு பக்கங்கள், தலைப்புகளோ அடிக்கோடுகளோ ஓர் அடித்தல் திருத்தலோ இல்லை. முதல் பத்தியிலேயே மெஹராஜ் மெய்ம்மறந்தார். உடனே அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார். வலக்கையில் சிவப்புப் பேனா இருந்தது. நல்ல இடம் வரும்போதெல்லாம் அது தானாகவே குறியிட்டது.

"'காலை ஆறு நாற்பது பேருந்தில் நின்றுகொண்டே வந்து, மாலை நின்றுகொண்டே திரும்புகிறோம். இதே நேரத்தை ஒரு பெண் தோட்டத்தில் செலவிட்டால், பூ பறிப்பது முதல் மார்க்கெட்டில் ஏலம் கேட்பது வரை கற்றுவிடுவாள்.' அருமை! 'படிப்பு மதிப்பைத் தரும் என்பர். எங்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியை இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்றவர். ஆனாலும் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், தமக்கு வேலை உண்டா என்று கேட்டு, அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்.'"

பேனா குறியிட்டுவிட்டது. ஓரத்தில் 'சிறந்த சான்று' என்றும் எழுதிவிட்டது. அதன் பிறகே அந்த வரி யாரைப் பற்றியது என்பது மெஹராஜுக்கு விளங்கியது.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுப்பு, நான்காம் பக்கத்தின் அடியில் ஒரே வரியாக இருந்தது: 'இருப்பினும் கல்வி நல்லது.'

"இத இன்னும் விரிவா எழுதணும்மா," என்றார் மெஹராஜ். "மத்தவங்களும் இந்தக் கட்டுரைக்கு ஆளுக்கொரு மறுப்பு எழுதிட்டு வாங்க."

இரண்டு நாட்கள் கழித்து அதே வகுப்பின் விக்னேஷ்குமார் வந்து நின்றான்.

"மிஸ், மறுப்பு எழுதச் சொன்னீங்கள்ல? நானும் முத்தையாவும் உக்காந்து யோசிச்சுப் பாத்தோம்."

"எழுதிட்டீங்களா?"

"கெடைக்கல மிஸ். அதான் டிசி வாங்கலாம்னு..."

முதல்வர் அழைத்தார். அவர் கோபப்படவில்லை, அதுவே மெஹராஜுக்கு அதிக அச்சமூட்டியது.

"உங்க பாடத்துலருந்து மூணு பேரு போறாங்க போலருக்கு. வற்புறுத்தி எழுதுறது எப்பிடின்னு நீங்கதானம்மா சொல்லிக் குடுக்குறீங்க?"

"ஆமாங்க சார்."

"பசங்கள இருக்கச் சொல்லி வற்புறுத்துங்களேன்."

வெள்ளிக்கிழமை காலை, நல்லுசாமி அலுவலகத்துக்கு வந்தார். வேட்டி மடிப்புக் கலையவில்லை; சட்டைப் பையில் அந்த நான்கு பக்கங்கள் இருந்தன. அலுவலக உதவியாளர் பேச்சாயி அவருக்கு நாற்காலி போட்டார். மெஹராஜ் உட்காராமல் நின்றார்.

"ஐயா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நல்லாப் படிக்கிற பொண்ணு."

"அதத்தான் டீச்சரம்மா நானும் சொல்றேன். இம்புட்டு நல்லா எழுதுதே! மூணு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கு இருந்த கொஞ்சநஞ்சக் கொழப்பமும் தீந்துபோச்சு."

"அது எதிர்த்தரப்புங்கய்யா. மறுப்பு பின்னாடி வருது."

"பாத்தேன். ஒத்த வரிதான இருக்கு?"

மெஹராஜிடம் சான்றுகள் தீர்ந்திருந்தன. ஆகவே, மூன்று வாரங்களாகச் சொல்லாமல் வைத்திருந்த உண்மையை அவர் சொன்னார்.

"ஐயா, உங்க மக போயிட்டா பாடத்த நிறுத்திருவாங்க. என் வேலை போயிரும். வீட்டுக்காரருக்கும் வேலை இல்ல. இந்த ஒரு வருஷம் மட்டும் அவள இருக்க விடுங்க."

நல்லுசாமி எழுந்துவிட்டார். மெஹராஜைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு அறை வாசலில் கழற்றி விடப்பட்டிருந்த ஆசிரியையின் செருப்பைப் பார்த்தார். நல்லுசாமியின் கண்கள் கலங்கின.

"ரெண்டு பட்டம் வாங்கியுமா இந்தக் கதி? பிள்ள மிகைப்படுத்தி எழுதிருச்சோன்னு நெனச்சேன் டீச்சரம்மா. அம்புட்டும் நெசம்."

அவர் படிவத்தில் கையெழுத்திட்டார். டிசியை மடித்து நான்கு பக்கங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்று இரு கைகளையும் குவித்து வணங்கினார்.

"நீங்க நல்லாருக்கணும். எம் மகளுக்குப் பேசக் கத்துக் குடுத்தீங்க."

சன்னல் வழியே மெஹராஜ் பார்த்தார். வேப்பமர நிழலில் காத்திருந்த சுகன்யா, டிசியை இரு கைகளாலும் வாங்கித் தாவணி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாவம், அழுகிறாள் என்று மெஹராஜ் எண்ணினார்.

"அந்தப் பிள்ளையக் காப்பாத்த முடியலையே பேச்சாயிக்கா. அவங்கப்பா இவ்வளவு பிடிவாதக்காரரா இருப்பாருன்னு நெனைக்கல."

பேச்சாயி தேநீர்க் குவளைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"பிடிவாதமா? ஆத்தாடி, போன மாசம் அந்தப் பிள்ள தானா வந்து டிசிக்கு எழுதிக் குடுத்தப்ப, 'எம் மக படிச்சே தீரணும்'னு சொல்லி அந்த மனுவச் சுக்குநூறாக் கிழிச்சு எறிஞ்சாரே இந்த மனுசன், அத இங்க கூட்டி அள்ளுனதே நான்தான மிஸ்!"