ஈ வாத்தியார் போன மாமியார் வீடு

யுத்தத்துக்கு முன்பு மயிலாப்பூரில் கல்யாணம் வைத்தவர்கள் இரண்டுக்குத்தான் பயந்தார்கள். ஒன்று மழை, மற்றது ஈ வாத்தியார்.

காலேஜில் பிராணி சாஸ்திரம் நடத்தியவர். வீட்டு மாடியில் பால் புட்டிகளில் ஈ வளர்த்தார். குளத்தங்கரையில் நான் போட்டிருந்த வாழைப்பழக் கடையில், நல்ல பழத்தை ஒதுக்கிவிட்டு அழுகல் கேட்ட ஒரே மனிதர்.

"இன்னா சாமி, இத்த மாடுகூட துன்னாதே!"

"ஈ தின்னும்டா. நீ கட்டு."

சிவப்புக் கண் ஈக்கும் வெள்ளைக் கண் ஈக்கும் ஜோடி சேர்த்து, அதுகளின் பேரன் பேத்தி வரை கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். சொந்தத்துக்குள்ளேயே கட்டினால் ரத்தத்தில் ஒளிந்திருக்கும் குறை வெளியே வரும் என்பது அவர் கட்சி. மாமனையும் அத்தை மகனையும் விட்டால் மாப்பிள்ளையே இல்லை என்றிருந்த ஊரில் இதைச் சொன்னார். அழைக்காத கல்யாணத்துக்கெல்லாம் போய், "வேண்டாம் ஓய், பிறக்கப்போறதை நினைச்சுப் பாரும்" என்பார். முதலில் சந்தனம் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு குடையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ஒரு வீட்டில், அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் கெட்டிமேளம் கொட்டச் சொல்லிவிட்டார்கள்.

அவரே அக்கா மகளைக் கட்டியவர்தான். ஒரே பெண் குழந்தை. அதற்குக் காது கேட்காது.

அவருடைய உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் வாழைத்தார் இறக்க நானும் போயிருந்தேன். வாத்தியார் அங்கேயும் ஆரம்பித்தார். "நீர் சொல்றதுக்கு அத்தாட்சி உண்டோ?" என்று யாரோ கேட்டார்கள். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவியையும் மகளையும் வாத்தியார் கையால் காட்டினார்.

"என் ஆத்துலயே இருக்கே!"

அந்த அம்மாள் மகளை இழுத்துக்கொண்டு எழுந்தவள்தான். நேரே அடையாற்றுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். மாமியார் சண்டை போட்டால் மற்றவர்கள் அக்காவிடம் போய் அழலாம். இவருக்கு இரண்டும் ஒரே ஆள்.

மறுநாள் சமாதானத்துக்கு நல்ல தாராக ஒன்று வாங்கினார். தூக்கிக்கொண்டு நானும் போனேன். அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"ஏண்டா, ஊர் கூடின இடத்துல என் பேத்தியைத் தப்புன்னு காட்டினியே. இப்ப எதுக்குடா வந்தே?"

"குழந்தை தப்புன்னு சொல்லலை அக்கா."

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். "நம்ம கல்யாணம் தப்பில்லைன்னு அம்மா எதிர்ல சொல்லுங்கோ. இப்பவே வரேன்."

அடுத்தவர் வீட்டுப் பேச்சில் நான் தலையிடாதவன். அன்று என் வாயும் திறந்துவிட்டது. "சொல்லிடு சாமி, இன்னா போவுது!"

வாத்தியாருக்குப் பொய் வரவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறு போவார். மகள் மட்டும் வேலி ஓரம் வருவாள். இருவரும் கையாலேயே பேசிச் சிரிப்பார்கள். மனைவி அவர் வீட்டுக்குத் திரும்பியது, அவர் செத்த அன்றுதான்.

போன வருஷம் என் தங்கை தன் மகனுக்கு என் பெண்ணைக் கேட்டாள். நான் சொந்தத்தை விட்டு அசலில் கொடுத்தேன். தங்கை இன்றும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று உறவெல்லாம் கேட்டது. காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் வாத்தியாரை மறுபடியும் திட்டுவார்கள்.