உலக சினிமாவும் என் கல்யாணமும்

உலக சினிமா பார்க்கிறவன் கெட்டுப்போவதில்லை. அதை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று கிளம்புகிறவன்தான் நாசமாய்ப் போகிறான். நான் இரண்டாவது ரகம். என் கல்யாணத்தை என் கையாலேயே, அதுவும் மைக் வைத்து, சபையே கைதட்டக் கெடுத்துக்கொண்டவன்.

அப்போது தேனியில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். அங்கே வேதியியல் நடத்திய கவிதாவும் நானும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் தேவாரத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ராமசாமியின் ஒரே பெண். நாங்கள் நாலு தலைமுறையாகப் பூசைக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு வீடும் ஒரே சாதிதான் (வேதத்தில் சேரும்போது எங்கள் முன்னோர் அதை மட்டும் மறக்காமல் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள்). ஆகவே தடை ஒன்றே ஒன்று, மதம். "ஆளுக ஒண்ணா இருந்து என்ன செய்ய, கோயில் வேறயால்ல இருக்கு" என்றார் என் அப்பா. அவள் அப்பாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாராம். இத்தனைக்கும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது.

இரண்டு பேரையும் ஒரு டீக்கடையில் உட்காரவைத்துப் பேசினாலே போதும் என்றாள் கவிதா. எனக்கு அது சப்பென்று இருந்தது. நாலே உறுப்பினர்கள் கொண்ட ஒரு திரைப்படக் கழகத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் நான்தான். மனித மனத்தைக் கலையால் மட்டுமே மாற்ற முடியும் என்று கழகத்தின் நோட்டீஸில் எழுதியிருந்தேன் (நானே எழுதி, நானே படித்து, நானே நம்பினேன்).

பழனிசெட்டிபட்டியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியை ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிடித்தேன். 'தனிமனித, பண்பாட்டு, சமய அடையாளங்களைத் தேடும் சர்வதேசத் திரைப்பட விழா' என்று பேனர். மாடியைவிடப் பேனர் நீளமாகப் போய்விட்டதால் 'விழா' மட்டும் பக்கத்து மெக்கானிக் கடைமேல் தொங்கியது. அப்பா ரிடையர்டு தலைமையாசிரியர். தலைமை தாங்க வேண்டும் என்றதும் கேள்வியே கேட்காமல் சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டார். ராமசாமியைக் குத்துவிளக்கு ஏற்றவேண்டும் என்று கெஞ்சி, கவிதா எப்படியோ கூட்டிவந்துவிட்டாள். அவரோடு வந்த ஏலத்தோட்டக்காரர்கள், எங்கள் மாணவர்கள், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் என்று முப்பது பேர் தேறினார்கள்.

படம் ஏதோ ஒரு மலைநாட்டுப் படம். ஆடு மேய்க்கும் கிழவர் ஒருவர் இறந்துபோகிறார். இரண்டு ஊர், இரண்டு மதம். பிணம் எங்களுக்குத்தான் சொந்தம் என்று இரண்டு ஊரும் நிற்கிறது. தன் அப்பா உண்மையில் யார் என்று கிழவரின் மகன் வீடு வீடாகக் கேட்டுப் போகிறான். அவ்வளவுதான் கதை. மீதி நேரமெல்லாம் ஆடுகள் நடக்கும். சப்டைட்டிலைப் பார்த்து மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்த நான், ஆடு நடக்கும்போது சும்மா நிற்கக் கூச்சப்பட்டு, "இங்கே மௌனம்தான் பேசுகிறது" என்று மூன்று தடவை சொன்னேன். முன்வரிசையில் ஒரு தோட்டக்காரர், "அந்தக் கெடா எடது கால ஊனல, பாத்தீகளா" என்றார். அதற்குப் பிறகு எல்லோரும் அந்தக் கிடாயை மட்டுமே பார்த்தார்கள். விழா அத்தோடு முடிந்திருந்தால் இன்று நான் குடும்பஸ்தன்.

ஆனால் நான் கலந்துரையாடல் வைத்தேன். உங்கள் வேர்கள் எவை, அவற்றைத் தயங்காமல் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லி, மைக்கை நேராக அப்பா கையில் கொடுத்தேன். முன்னால் நம் வீட்டிலும் வேறு சாமிதான் என்று அவர் வாயால் சொல்ல வைத்தால் ராமசாமியின் மனம் இளகிவிடும் என்பது திட்டம்.

அப்பா கனைத்துக்கொண்டார். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் கும்பிட்டது வருசநாட்டுப் பக்கம் ஆத்தங்கரையில ஒரு பெட்டிச் சாமியாம். செலை கெடையாது, பெட்டியத்தான் கும்பிடுறது. அதுக்குப் பொடலங்கா ஆகாது. வேதத்துக்கு வந்து நாலு தலமொறையாச்சு, இன்னிக்கும் எங்க வீட்டு அடுப்புல பொடலங்கா ஏறுனதில்ல."

புல்லரித்துப்போனேன். இதுதான் பண்பாட்டு அடையாளம் என்று சபைக்கு விளக்கிவிட்டு, "இன்னும் சொல்லுங்கப்பா" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளில் திரும்பப் பெற முடியுமானால் அந்த இரண்டைத்தான் பெறுவேன்.

ராமசாமி மெதுவாக எழுந்தார். சாமி தெற்குப் பார்த்ததா என்று கேட்டார். அப்படித்தான் சொல்வார்கள் என்றார் அப்பா. பெட்டிக்கு இரண்டு பூட்டா என்று கேட்டார். அதற்கும் அப்பா தலையாட்டினார். ராமசாமிக்குக் குரல் உடைந்துவிட்டது.

"எங்க சாமிக்கு நாலு பங்காளி வீடு. மூணு வீட்டுக்காரக வந்துருவாக. நாலாவது வீடு எங்கிட்டுப் போச்சுன்னே தெரியல. ஒவ்வொரு மாசிக்கும் அவுக பங்குத் திருநீற மடிச்சு வச்சிட்டு, எப்பவாச்சும் வருவாகன்னு சொல்லிட்டுத்தான் வாறோம். எங்கய்யா சாகுறப்பக்கூட அதத்தான் கேட்டாக."

இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். சபையே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு படம் மனிதர்களை ஒன்றுசேர்த்துவிட்டது என்று மைக்கில் சொல்ல வாயெடுத்தபோதுதான் கவிதாவின் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஒரே குலசாமியைக் கும்பிடுகிற வீடுகள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கைகள். நாம் எல்லோரும் ஒன்று என்று நிரூபிக்கக் கிளம்பியவன், கொஞ்சம் அதிகமாகவே நிரூபித்துவிட்டேன்.

ராமசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். "ஆத்தா, அண்ணனுக்குத் தண்ணி குடு. நின்னுக்கிட்டே பேசுனதுல வேர்த்துப்போச்சு."

அவள் கொடுத்தாள். நானும் குடித்தேன். வேறென்ன செய்ய?

மதம் வேறு என்றால் சண்டை போடலாம், வாதாடலாம், கடைசியில் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போகலாம். அண்ணன் தங்கை என்று ஆனபிறகு ஓடிப்போக எங்கள் பள்ளத்தாக்கில் எந்த ஊருக்கும் பஸ் கிடையாது. கவிதாவிடம் ஒருமுறை பேசிப் பார்த்தேன். "எங்கப்பா அன்னிக்கி அழுததப் பாத்தீங்கல்ல" என்றாள். அதன்பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. விழா வெற்றியினால் வந்த களைப்பு என்று அம்மா கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம். கூடப்பிறந்தவன் இல்லாத பெண் என்பதால் மணவறையில் அண்ணன் செய்ய வேண்டியதையெல்லாம் நான் செய்தேன். போன தை மாதம் அவள் பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். என் மடியில் உட்கார்ந்து அவன் வீறிட்டு அழுதான். எல்லோரும் அவனைத் தேற்றினார்கள்.

பந்தியில் சம்பந்தி வீட்டார், இந்த வேதக்காரர் எப்படி உங்களுக்கு மகன் முறை என்று கேட்க, ராமசாமி என் தோளில் கைபோட்டு, "இவன் எனக்குப் படம் போட்டுக் கெடச்ச பிள்ள" என்றார். இரண்டு குடும்பத்திலும் எந்த விசேஷம் என்றாலும் இதைச் சொல்லாமல் இலை எடுப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் பந்தியே சிரிக்கும், நானும் சிரிப்பேன். கவிதா மட்டும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள்.